டைட்டன் கடலுக்கு ஒரு நீர்மூழ்கி: கிணற்றடியில் தொடங்கும் முழுமையான வழிகாட்டி

திசையன்விளைப் பக்கம் கிணறுகள் ஆழமானவை. தை மாதத்தில் தண்ணீர் நன்றாக ஏறி, அசைவே இல்லாமல் கிடக்கும். அப்படி ஒரு கிணற்றில், எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேரோடு, பிவிசி குழாயில் செய்த ஒரு குட்டி நீர்மூழ்கியை இறக்கினேன். இரண்டு மீட்டர் வரை சொன்ன பேச்சைக் கேட்டது. மூன்று மீட்டரைத் தாண்டியதும் தானாகவே கீழே போக ஆரம்பித்தது. மேலே வா என்று பொத்தானை அழுத்தினால் பம்பு ஓடுகிற சத்தம் மட்டும் ஒயர் வழியாக வருகிறது, அது வரவில்லை. கடைசியில் அடுத்த வீட்டுப் பாட்டியிடம் பாதாளக் கரண்டி வாங்கி வந்து, அரை மணி நேரம் துழாவி, அதன் கொக்கியில் மாட்டித்தான் வெளியே எடுத்தோம்.

அன்றைக்கு ஏன் அப்படி ஆனது என்ற கேள்விக்கான பதில்தான், சனிக் கோளின் நிலவான டைட்டனில் நீர்மூழ்கி விட நினைப்பவர்களுக்கும் அடிப்படைப் பாடம். மூன்றாவது படியில் அதற்கு வருவோம்.

இந்த வழிகாட்டியைப் பிளஸ் டூ, பாலிடெக்னிக், பொறியியல் படிக்கிறவர்களையும், அறிவியல் மன்றம் நடத்துகிற ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். டைட்டனுக்குப் போகிற நிஜக் கலத்தின் கணக்கை ஒரு நோட்டில் போடுங்கள். கூடவே கிணற்றில் இறக்க ஒரு மாதிரி செய்யுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் புரியும். எதில் தொடங்கினாலும் படம் வரைந்து தொடங்காதீர்கள். உவரியிலும் கூடுதாழையிலும் படகு கட்டுகிறவர்கள் முதலில் அந்தக் கரையின் அலையைத்தான் பார்ப்பார்கள். நாமும் அந்தக் கடலிடம் கேட்டுவிட்டுத்தான் பென்சிலை எடுக்க வேண்டும்.

முதல் படி: அது என்ன கடல்?

டைட்டனின் குறுக்களவு 5150 கிலோமீட்டர், நம் நிலாவைவிடப் பெரியது. கெட்டியான காற்று மண்டலம் உண்டு. பெரும்பகுதி நைட்ரஜன், மிச்சம் மீத்தேன். தரைமட்டக் காற்றழுத்தம் நம்முடையதைப் போல ஒன்றரை மடங்கு. ஈர்ப்பு நம்முடையதில் ஏழில் ஒரு பங்கு. குளிர் மைனஸ் 180 டிகிரி வாக்கில். அந்தக் குளிரில் தண்ணீர் பாறையாகி விடும், மீத்தேனும் ஈத்தேனும் திரவமாக ஓடும். மேகம், மழை, ஆறு, கடல் எல்லாம் அங்கே உண்டு, எல்லாமே அந்தத் திரவம்தான். நீர்மூழ்கி என்ற சொல்லில் இருக்கிற நீர் அங்கே கடலில் கிடையாது. ஆனாலும் வேறு சொல் தேட வேண்டாம்.

இதையெல்லாம் நமக்குச் சொன்னது காசினி விண்கலம். 2004 முதல் 2017 வரை சனியைச் சுற்றியது. அது கொண்டுபோன ஹைகன்ஸ் கலம் 2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கியது. பெரிய கடல்கள் மூன்றும் வட துருவத்தை ஒட்டி இருக்கின்றன: கிராக்கன் மாரே, லிகீயா மாரே, புங்கா மாரே. கிராக்கன் ஏறக்குறைய மூன்று தமிழ்நாடு. லிகீயா கிட்டத்தட்ட நம் தமிழ்நாட்டளவு, சுமார் 1,26,000 சதுர கிலோமீட்டர். லிகீயாவில் வந்து விழுகிற விட் ஃப்ளூமினா என்ற ஆறு 400 கிலோமீட்டருக்கு மேல் நீளம். பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும் நம் தாமிரபரணியைப் போல மூன்று மடங்கு.

2013 மே மாதம் லிகீயாவின் மேலே பறந்தபோது காசினியின் ரேடாருக்கு இரண்டு எதிரொலிகள் வந்தன. ஒன்று மேற்பரப்பு, இன்னொன்று கடலடி. அதை வைத்து ஆழம் 160 மீட்டர் என்று கணக்கிட்டார்கள். கிராக்கனின் நடுப்பகுதியில் அடி தெரியவே இல்லை. 300 மீட்டருக்கு மேல் இருக்கலாம் என்கிறார்கள்.

நாசாவின் கிளென் ஆய்வு மையத்தில் ஸ்டீவன் ஓலிசன் குழு 2014 முதல் கிராக்கனுக்காக ஒரு நீர்மூழ்கியை வடிவமைத்துப் பார்த்தது. 6 மீட்டர் நீளம், ஒரு டன்னுக்கு மேல் எடை, வினாடிக்கு ஒரு மீட்டர் வேகம், 90 நாளில் 2000 கிலோமீட்டர் பயணம். கீழே நான் போடுகிற கணக்குகளுக்கு இந்த அளவைத்தான் எடுத்துக்கொள்கிறேன், எடையை மட்டும் 1400 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாம் படி: அழுத்தம் எவ்வளவு?

பலரும் ஆழ்கடல் என்றதும் தடிமனான கோளத்தை வரைகிறார்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் மத்ஸ்யா 6000 கலம் அப்படித்தான், மூன்று பேரை உட்கார வைத்து 6000 மீட்டர் ஆழம் போவதற்கான டைட்டானியக் கோளம். டைட்டனுக்கு அது தேவையே இல்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆழம் 300 மீட்டர், திரவத்தின் அடர்த்தி கனமீட்டருக்கு 600 கிலோ, ஈர்ப்பு முடுக்கம் வினாடி வர்க்கத்துக்கு 1.35 மீட்டர். மூன்றையும் பெருக்கினால் 2,43,000 பாஸ்கல், அதாவது நம் காற்றழுத்தத்தைப் போல 2.4 மடங்கு. மேலே இருக்கிற காற்றின் ஒன்றரை மடங்கைக் கூட்டினால் 4 மடங்குக்குச் சற்றுக் குறைவு.

நம் மன்னார் வளைகுடாவில் 30 மீட்டர் இறங்கினால் இதே அழுத்தம்தான், கடற்கரைக்காரர் கணக்கில் சுமார் 16 பாகம். கிராக்கனின் 300 மீட்டர் ஆழம் நம் வள்ளக்காரர்கள் தினமும் வலை போடுகிற ஆழத்துக்குச் சமம். உள்ளே டைட்டன் காற்றழுத்தத்திலேயே வாயுவை நிரப்பி விட்டால், சுவர் தாங்க வேண்டிய வித்தியாசம் இரண்டரை மடங்குதான். அதனால் உடல் மெல்லியதாக இருக்கலாம், எடை மிச்சம். அந்த எடை நமக்கு எவ்வளவு தேவை என்பது அடுத்த படியில் தெரியும்.

மூன்றாம் படி: மூழ்குவதும் எழுவதும்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். என்னைக் கேட்டால் வடிவமைப்பில் பாதி வேலை இதுதான்.

ஒரு பொருள் மிதக்குமா மூழ்குமா என்பதில் ஈர்ப்புக்கு வேலை இல்லை. பொருளின் எடையும் அது விலக்குகிற திரவத்தின் எடையும் ஒரே அளவில் குறைவதால் ஈர்ப்பு இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். அடர்த்தி மட்டுமே கணக்கு. தண்ணீர் கனமீட்டருக்கு 1000 கிலோ. சுத்தமான திரவ மீத்தேன் அந்தக் குளிரில் சுமார் 450, ஈத்தேன் சுமார் 650. கரைந்திருக்கிற நைட்ரஜன் இந்த அளவைக் கொஞ்சம் கூட்டும். நாலு அங்குலக் குழாயில் 60 செ.மீ. நீளத்துக்கு நீங்கள் செய்கிற மாதிரியின் கொள்ளளவு சுமார் 5.7 லிட்டர். கிணற்றில் அது மூழ்காமலும் மிதக்காமலும் நிற்க 5.7 கிலோ இருக்க வேண்டும். அதே குழாய் மீத்தேன் கடலில் நிற்க 2.6 கிலோதான் இருக்கலாம். கிணற்றுக்குச் சரியாகச் செய்த மாதிரி டைட்டனில் கல்லைப் போலப் போய்விடும்.

அடுத்த சிக்கல் இன்னும் பெரியது. தாமிரபரணித் தண்ணீரிலிருந்து புன்னக்காயல் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகிற படகுக்கு அடர்த்தி 1000லிருந்து 1025 ஆகிறது. இரண்டரை சதவீதம், படகு கொஞ்சம் மேலே எழும்பும், அவ்வளவுதான். டைட்டனில் மீத்தேன் மிகுந்த பகுதியிலிருந்து ஈத்தேன் மிகுந்த பகுதிக்குப் போனால், இரண்டு ஓரங்களை எடுத்துக்கொண்டால், 450லிருந்து 650. நம் 1400 கிலோ கலம் 450 அடர்த்தியில் நிற்க 3.11 கனமீட்டர் கொள்ளளவு வேண்டும். அதுவே 650 அடர்த்தியில் நிற்க 2.15 கனமீட்டராகச் சுருங்க வேண்டும். வித்தியாசம் 960 லிட்டர். அதாவது வீட்டு மாடியில் வைக்கிற 1000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியை அப்படியே வயிற்றில் சுமந்துகொண்டு, தேவைக்குத் தக்கபடி கடல் திரவத்தை நிரப்பவும் காலி செய்யவும் வேண்டும். உடலில் மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடும்.

இதனால்தான் முதல் பயணம் லிகீயாவுக்குப் போவது நல்லது என்று நினைக்கிறேன். கிராக்கன் பெரியது, ஆழமானது, ஆசை காட்டுகிறது. ஆனால் லிகீயாவில் பெரும்பகுதி மீத்தேன்தான் என்பது காசினி ரேடாரிலேயே தெரிந்துவிட்டது. அடர்த்தி அதிகம் மாறாத கடலுக்குச் சின்னத் தொட்டி போதும். ஆழமும் தெரியும். ஒரே கடலைத் தேர்ந்து, அதற்கு ஏற்ற தொட்டியைக் கணக்கிடுங்கள். கிராக்கனுக்கான கணக்கைப் பக்கத்தில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள்.

சரி, தொட்டியை எப்படிக் காலி செய்வது? இப்போது கிணற்றுக்கு வருவோம். எங்கள் மாதிரியில் அடியில் ஓட்டை போட்ட ஒரு பிளாஸ்டிக் பாட்டில்தான் தொட்டி. மீன்தொட்டிக்கு வைக்கிற ஏர் பம்பு காற்றை ஊதித் தண்ணீரை வெளியே தள்ள வேண்டும். ஆழம் போகப்போகப் பாட்டிலில் இருந்த காற்று சுருங்கியது. சுருங்கச் சுருங்கத் தண்ணீர் உள்ளே ஏறியது, எடை கூடியது, இன்னும் கீழே போனது. மூன்று மீட்டருக்குக் கீழே அந்தச் சின்னப் பம்புக்கு வெளி அழுத்தத்தை எதிர்த்து ஊத வலு இல்லை. திறந்த காற்றை நம்பினால் கலம் ஒரு எல்லை தாண்டியதும் கையை விட்டுப் போய்விடும்.

நம் கடலில் உள்ள நிஜ நீர்மூழ்கிகள் மிகுந்த அழுத்தத்தில் அடைத்த காற்றை வைத்து இதைச் சமாளிக்கின்றன. டைட்டனில் அதுவும் கைகொடுக்காது. அந்தக் குளிரில் சுமார் 4 மடங்கு அழுத்தத்திலேயே நைட்ரஜன் திரவமாக மாறத் தொடங்கும். அதற்கு முன்னாலேயே மீத்தேனில் கரைந்து காணாமல் போகும். ஊதின காற்றைக் கடல் குடித்துவிடும். எனவே இரண்டு முடிவுகள்: வாயு என்றால் ஹீலியம் அல்லது நியான், அவை அந்தக் குளிரிலும் வாயுவாகவே இருக்கும், எளிதில் கரையாது. வாயுவும் கடலும் நேரே தொடக்கூடாது, நடுவில் பிஸ்டனோ மடிப்பு உலோகப் பையோ இருக்க வேண்டும்.

முத்துக்குளித்தவர்களையும் இங்கே நினைக்க வேண்டும். காலில் கல்லைக் கட்டி இறங்கி, அடியில் கல்லை விட்டுவிடுவார்கள், மேலே இருப்பவர் அதைத் தனியாக இழுத்துக்கொள்வார். நம் கலத்திலும் அப்படி ஒரு கல் இருக்கட்டும். மின்சாரம் நின்றுபோனாலும் தானாகக் கழன்று விழுகிற ஒரு எடை. மின்காந்தம் பிடித்திருக்கும், மின்சாரம் போனால் விடும். மாதிரியிலும் இதைக் கட்டாயம் வையுங்கள். எங்களிடம் இருந்திருந்தால் பாட்டியின் கரண்டி தேவைப்பட்டிருக்காது.

நான்காம் படி: குளிருக்கு ஏற்ற பொருள்

மகேந்திரகிரி நம் ஊரில்தான் இருக்கிறது. அங்கே இஸ்ரோவின் உந்துவிசை வளாகத்தில் கிரையோஜெனிக் எஞ்சின்களைச் சோதிக்கிறார்கள். எஞ்சினுக்குப் போகிற திரவ ஆக்சிஜன் மைனஸ் 183 டிகிரி. டைட்டன் கடலின் குளிரும் அதே வாக்கில்தான். அந்தக் குளிரில் வால்வும் குழாயும் சீலும் எப்படி நடந்துகொள்ளும் என்பதைத் தெரிந்த மனிதர்கள் பணகுடிப் பக்கம் பஸ்ஸில் போய் வருகிறார்கள். இந்த வடிவமைப்பை நெல்லையில் உட்கார்ந்து செய்யலாம் என்று நான் நம்புவதற்கு இது ஒரு காரணம்.

வெல்டிங் பட்டறையில் எம்எஸ் என்று சொல்கிற சாதாரண இரும்பு இங்கே கூடாது. அந்தக் குளிரில் சுத்தியல் அடிக்குக் கண்ணாடி போல உடையும். எஸ்எஸ் 304 என்கிற துருப்பிடிக்காத எஃகு, அலுமினியம், டைட்டானியம் தாங்கும். எடை குறைய வேண்டுமானால் உடலுக்கு அலுமினியம். ஆனால் அது சுருங்கும். நம் வெயிலிலிருந்து அந்தக் குளிருக்குப் போகும்போது மீட்டருக்கு 4 மில்லிமீட்டர், 6 மீட்டர் உடலுக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். உள்ளே இருக்கிற சட்டத்தை இரண்டு முனையிலும் இறுக்கிவிட்டால் ஏதாவது ஒன்று பிய்யும். ஒரு முனையை இறுக்கி, மறுமுனையை வழுக்க விடுங்கள்.

ரப்பர் வாஷர் என்ன ஆகும் என்பதைக் கண்ணால் பார்ப்பது நல்லது. மாட்டுக்குச் சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் விந்துக் குச்சிகளை வைக்கத் திரவ நைட்ரஜன் குடுவை இருக்கும். மைனஸ் 196 டிகிரி. எங்களுக்கு ஒரு மருத்துவர் அன்பாக ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினார். குழாய்க்குப் போடுகிற கறுப்பு வாஷரை இடுக்கியால் பிடித்து உள்ளே விட்டார். சடசடவென்று கொதித்து அடங்கியதும் எடுத்துத் தரையில் போட்டார். பீங்கான் சில்லு விழுகிற சத்தம், நாலு துண்டு. ஒரு துண்டு வெயிலில் கிடந்து, இரண்டு நிமிடத்தில் மறுபடி ரப்பராக வளைந்தது. இதை நீங்களாக வீட்டில் செய்யாதீர்கள். தெரிந்தவர் கையால், காற்றோட்டமான இடத்தில், கண்ணாடியும் கையுறையும் போட்டுத்தான்.

டெஃப்லான் உடையாது, ஆனால் மீட்டருக்கு 20 மில்லிமீட்டர் வரை சுருங்கி, தன் பள்ளத்தை விட்டு விலகிக் கசியும். உள்ளே ஸ்பிரிங் வைத்த டெஃப்லான் சீல், இல்லாவிட்டால் மென்மையான உலோக வளையம். அதைவிடச் சிறந்த வழி, சுழலும் தண்டு சுவரைத் துளைக்காமலேயே பார்த்துக்கொள்வது. மீன்தொட்டித் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பாருங்கள். காந்த உருளை தண்ணீரிலேயே சுழலும், கம்பிச் சுருள் பிசினுக்குள் மூடிக் கிடக்கும், தண்டுக்குச் சீல் என்ற பேச்சே இல்லை. மீத்தேன் மின்சாரம் கடத்தாது என்பதால் டைட்டனில் வேலை இன்னும் எளிது. இயற்கை எரிவாயுவைத் திரவமாகக் கையாளும் கிடங்குகளில் மோட்டாரையே அந்தத் திரவத்துக்குள் மூழ்க வைத்து ஓட்டுகிறார்கள். தீப்பிடிக்காதா என்று பிள்ளைகள் கேட்பார்கள். எரிய ஆக்சிஜன் வேண்டும், டைட்டன் காற்றில் அது இல்லை.

ஐந்தாம் படி: மின்சாரமும், அதனால் வரும் சூடும்

சூரிய ஒளி சனிக்குப் போய்ச் சேரும்போதே நூறில் ஒரு பங்கு. டைட்டனின் மஞ்சள் மூட்டத்தைத் தாண்டித் தரைக்கு வருவது இன்னும் சொற்பம். சோலார் தகடு வேண்டாம். கதிரியக்கத்தால் தானே சூடு விடுகிற புளூட்டோனியம் 238 தான் வழி. அதன் அரை ஆயுள் 87.7 ஆண்டு, வழியில் தீர்ந்துபோகாது. செவ்வாயில் ஓடும் கியூரியாசிட்டி வண்டியில் உள்ள மின்கலம் தொடக்கத்தில் சுமார் 2000 வாட் வெப்பத்திலிருந்து 110 வாட் மின்சாரம் எடுத்தது. நம் கலத்துக்கு ஒரு கிலோவாட் வாக்கில் வேண்டும். அதற்கு, வெளியிலிருந்து கொடுக்கிற சூட்டால் உள்ளே அடைத்த வாயு விரிந்து சுருங்கி ஓடுகிற ஸ்டிர்லிங் எஞ்சின் பொருந்தும். கால்வாசி வெப்பத்தை மின்சாரமாக மாற்றும் என்று வைத்தால் 4 கிலோவாட் வெப்பம் வேண்டும். செய்த வேலை எல்லாம் முடிந்தபின் அந்த 4 கிலோவாட்டும் கடைசியில் கடலுக்குள்தான் போகும்.

கொஞ்சம் சூடு நல்லது, உள்ளே இருக்கிற மின்னணுப் பலகைகளுக்கு வேண்டும். மிச்சச் சூடுதான் தொல்லை. டைட்டன் கடல் ஒரு கோலி சோடா. சோடாவில் கரியமில வாயு கரைந்திருப்பதைப் போல அங்கே நைட்ரஜன் கரைந்திருக்கிறது. குளிர்ந்த திரவத்தில் அதிகம் கரையும், சூடானால் பொங்கி வெளியே வரும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மீத்தேன், ஈத்தேன், நைட்ரஜன் கலவையை அந்த அளவுக்குக் குளிரவைத்து, உள்ளே ஒரு சின்ன உருளை ஹீட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். அவர்கள் கண்டதும் குமிழிதான். கலத்தைச் சுற்றிக் குமிழி வந்தால், ஒலியை அனுப்பி எதிரொலியால் பார்க்கிற சோனாருக்குக் கண் மறையும், விசிறி நுரையைத்தான் கடையும், மிதவைக் கணக்கும் தப்பும். லிகீயாவில் 2013ல் காசினி ரேடாரில் ஒரு வெளிச்சத் திட்டு தோன்றி மறைந்தது. அதுவே நைட்ரஜன் நுரையாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

என்ன செய்யலாம்? சூட்டை ஒரே இடத்தில் விடாமல் உடல் முழுக்கப் பரப்புங்கள். 6 மீட்டர் நீளமும் 80 செ.மீ. விட்டமும் உள்ள உருளையின் பக்கப் பரப்பு 15 சதுர மீட்டர். 4000 வாட்டை அதில் பிரித்தால் சதுர மீட்டருக்கு 270 வாட்டுக்குள் வரும். உச்சி வெயில் நம் மொட்டைமாடியில் கொட்டுகிற வெப்பத்தில் கால்வாசிதான். வெளிப்பரப்பை வழவழப்பாக மெருகேற்றுங்கள். ஒரு டம்ளர் சோடாவில் புது ஸ்பூனையும் கீறல் விழுந்த பழைய ஸ்பூனையும் போட்டுப் பாருங்கள், குமிழி எதில் ஒட்டுகிறது என்று தெரியும். சோனாரை மூக்கில் வையுங்கள், வெப்பக் கலத்தை அதற்கு எட்டாத பின்பகுதியில். விசிறிகளை உடலை ஒட்டாமல் பக்கவாட்டில் கை நீட்டி மாட்டுங்கள், உடலைத் தழுவி வருகிற குமிழி அவற்றுக்குள் போகாது.

ஆறாம் படி: ஓட்டம்

இது எளிது, சீக்கிரம் முடித்துவிடலாம். திரவம் லேசு, மீத்தேனின் பிசுக்கும் தண்ணீரைவிடக் குறைவு. வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் தள்ள சில பத்து வாட் போதும். வேகத்தை இரண்டு மடங்காக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும் என்பதால் ஆசைப்பட வேண்டாம். 2000 கிலோமீட்டரை அந்த வேகத்தில் ஓட 23 நாள்தான் ஆகும். 90 நாளில் மிச்சம் எல்லாம் நின்று பார்க்கவும் வீட்டுக்குப் பேசவும்தான்.

ஏழாம் படி: கண், காது, வாய்

நம் கடல்நீர் ரேடியோ அலையை விழுங்கிவிடும். டைட்டன் கடல் தடுக்காமல் போகவிடும், அதனால்தான் காசினிக்கு அடித்தரையே தெரிந்தது. நம் கலத்துக்கும் அடியைப் பார்க்கச் சின்ன ரேடாரும் உதவும், சோனாரும் உதவும். திரவ மீத்தேனில் ஒலியின் வேகம் கடல்நீரில் இருப்பதைப் போலவே வினாடிக்கு 1500 மீட்டர் வாக்கில். அப்புறம் திரவத்தை உறிஞ்சி என்ன கலந்திருக்கிறது என்று பார்க்க ஒரு நிறை நிறமாலைமானி, அடி மண்ணைக் கிள்ளி எடுக்க ஒரு கருவி, மேலே வரும்போது கரையைப் பார்க்கக் கேமராவும் காற்றுமானியும்.

பூமியோடு பேச மேலே வந்தே ஆக வேண்டும். முதுகில் மீன் துடுப்பு போல உயர்ந்த தட்டையான ஆன்டெனா வையுங்கள். இங்கே காலக் கணக்கு முக்கியம். சனியிலிருந்து பார்த்தால் பூமி எப்போதும் சூரியனை ஒட்டியே இருக்கும், விலகினால் ஆறு பாகைதான். ஆக, சூரியன் தெரியாத இடத்திலிருந்து பூமியும் தெரியாது. சனியின் ஓர் ஆண்டு நமக்கு 29 ஆண்டு 5 மாதம். 2025 மே மாதம் அங்கே சம இரவு நாள் வந்துபோனது, வட துருவம் இருளுக்குள் போகத் தொடங்கிவிட்டது. 2039 வாக்கில்தான் மறுபடி விடியும். நேரே பூமியோடு பேசுகிற கலம் என்றால் 2040களில் போய்ச் சேருகிற மாதிரி கிளம்ப வேண்டும். காசினிக்குப் பயணம் ஏழு ஆண்டு ஆனது என்பதை வைத்துப் பின்னோக்கி எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு முன்பே அனுப்ப வேண்டுமானால் செய்தியை வாங்கிக் கடத்த ஒரு சுற்றுக்கலமும் கூடப் போக வேண்டும். 2028ல் கிளம்பி 2034ல் போய்ச் சேரத் திட்டமிட்டிருக்கும் நாசாவின் டிராகன்ஃப்ளை என்ற டைட்டன் கலம் இறங்குவது நடுக்கோட்டுப் பக்கத்து மணல் மேட்டில், கடலில் அல்ல.

இறங்குகிற விதத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கெட்டிக் காற்றும் குறைந்த ஈர்ப்பும் சேர்ந்து பாராசூட்டுக்கு நல்ல ஊர், ஹைகன்ஸ் இரண்டரை மணி நேரம் மிதந்தே இறங்கியது. நீளமான உடலை வட்டமான வெப்பக் கவசத்துக்குள் அடக்குவதுதான் சிரமம். முதல் வடிவமைப்பில் நீளத்தை வைத்துக்கொண்டு பிறகு குறைக்கப் பாருங்கள்.

எட்டாம் படி: தானே முடிவெடுக்கும் அறிவு

ஒரு செய்தி போய்ச்சேர ஒன்றேகால் மணி நேரம் வாக்கில் ஆகும். கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்குள் நெல்லையில் ஏறியவர் மதுரையை நெருங்கிவிடலாம். பாறை வருகிறது, திரும்பு என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

இதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகவே பழக்குங்கள். கலத்தை ஓட்டுபவர் கிணற்றைப் பார்க்கக் கூடாது, வீட்டுத் திண்ணையில் உட்கார வேண்டும். ஒருவர் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், அதுவும் வாங்கி 80 நிமிடம் கழித்து. இரண்டாவது சீட்டிலேயே அவர்கள் எழுதுகிற விதம் மாறிவிடும். ‘மூன்று மீட்டர் போ’ என்று எழுதிய பெண், ‘மூன்று மீட்டர் போ, வழியில் தடை இருந்தால் மேலே வந்து காத்திரு’ என்று எழுதினாள். நிரலின் முதல் வரி அதுதான்.

அப்படி விதிகளை வரிசையாக எழுதுங்கள். ஆழம் எல்லையைத் தாண்டினால் ஏறு. சோனார் குருடானால் ஓட்டத்தை நிறுத்தி, குமிழி விலகும் வரை காத்திரு. நினைத்ததைவிட வேகமாக மூழ்கினால் அடர்த்தி மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு தொட்டியைச் சரிசெய். பல நாளாகப் பூமியின் குரல் கேட்கவில்லை என்றால் மேலே வந்து வானத்தில் பூமியைத் தேடு. எதுவும் நடக்காவிட்டால் கல்லைக் கழற்று.

ஒன்பதாம் படி: கிணற்று மாதிரி

நாலு அங்குல பிவிசி குழாய் 60 செ.மீ., இரண்டு முனைக்கும் மூடி. ஒரு மூடியை ஒட்டிவிடுங்கள், மற்றதைத் திருகு மூடியாக வையுங்கள், ரப்பர் வளையத்துக்கு மெல்லியதாக வாசலின் தடவுங்கள். ஒயர் வெளியே வருகிற இடத்தில், ஒயரைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கிற கேபிள் கிளாண்டும் அதன்மேல் எம்-சீலும். உள்ளே ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை, அழுத்த உணரி, திசை காட்டும் உணரி, 12 வோல்ட் பேட்டரி. வெளியே இரண்டு சின்ன மோட்டார் விசிறி.

தொட்டிக்கு, ஊசி கழற்றிய 50 மில்லி சிரிஞ்சு நான்கு. பிஸ்டன்களை ஒரு பலகையில் சேர்த்து, நடுவில் ஒரு திருகு கம்பியும் நட்டும் வைத்து கியர் மோட்டாரால் முன்பின் நகர்த்துங்கள். மொத்தம் 200 மில்லி, 5.7 லிட்டரில் மூன்றரை சதவீதம், கிணற்றுக்கு இது தாராளம். பத்து மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு பிஸ்டன் மேலும் 6 கிலோ சுமை விழும், நான்குக்கும் சேர்த்து 25 கிலோ. மோட்டார் வாங்கும்போது இதைக் கடைக்காரரிடம் சொல்லி வாங்குங்கள், வேகம் குறைந்தாலும் வலு வேண்டும். எடைக்குச் சின்னச் சாக்கில் மணல், குழாயின் அடிப்பக்கத்தில். எடை கீழே இருந்தால்தான் உருளாமல் நிற்கும்.

முதலில் ஒரு அண்டாவில் சோதியுங்கள். ஒரு நாள் முழுக்கக் காலிக் குழாயை மட்டும் மூழ்க வைத்து, கசிகிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரி உள்ளே போகலாம், தண்ணீர் புகுந்த லித்தியம் பேட்டரி ஆபத்து. அடுத்தது தரைத் தொட்டி, அதற்கடுத்துக் கிணறு. கைப்பிடிச் சுவர் உள்ள கிணறாகப் பாருங்கள். எது விழுந்தாலும் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. புழங்காத கிணற்றில் விஷவாயு தேங்கியிருக்கும், நம் பக்கத்தில் அதில் உயிர் போனவர்கள் உண்டு. நைலான் கயிறு ஒன்று எப்போதும் மாட்டியிருக்கட்டும். பாதாளக் கரண்டியையும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சிரிஞ்சு வைத்த இரண்டாவது மாதிரியை நாங்கள் மாசி மாதம் இறக்கினோம். முதலில் ஒரு மீட்டர், அடுத்து மூன்று, அப்புறம் ஆறு. ஆறு மீட்டரில் ஒரு நிமிடம் நின்று, தானே எழுந்து வந்தது. வெளியே எடுத்ததும் உடனே மூடியைத் திறக்காதீர்கள். துணியால் துடைத்து, நிழலில் கொஞ்ச நேரம் வையுங்கள், மூடி இடுக்கில் நிற்கிற தண்ணீர் வடியட்டும். இறக்குவதற்கு முன்பே குழாயின் அடியில் ஒரு துண்டு தினத்தாளை மடித்து வைத்திருக்க வேண்டும். இப்போது அதை எடுத்துப் பாருங்கள். எங்கள் தாளில் ஒரு மூலை மட்டும் ஈரம், ஒயர் வருகிற பக்கம். அந்த மூலையைப் பேனாவால் வட்டமிட்டு, ஆழத்தையும் தேதியையும் அதிலேயே எழுதி நோட்டில் ஒட்டினோம். மறுநாள் காலையில் கிளாண்டைக் கழற்றி மறுபடி எம்-சீல் பிசைந்தோம்.